ஆவட்டும் என்றவர்

திருத்தணியில் மலைக்குப் போகும் சாலையில் இருக்கும் அந்தப் பழைய ஓட்டலில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே, எல்லோரும் அவரைப் பாவா என்று கூப்பிடுவதைக் கேட்டேன். சமையல்காரர்கள், பூக்காரம்மா, மேளக்காரர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கல்யாணத்துக்கு வந்திருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் என்று எல்லோருக்கும் அவர் பாவாதான். எங்கள் பக்கம் பாதி உறவுமுறை தெலுங்கில்தான் இருக்கும். அக்கா புருஷனும் பாவா, மாமன் மகனும் பாவா. ஓட்டலோடு சேர்ந்த கல்யாண மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் அமையாது. ஆனால் கல்யாணம் ஆகாத இருபத்திரண்டு வயதுப் பெண் ஐம்பத்தெட்டு வயது மனிதரை அப்படிக் கூப்பிட்டால் கட்டிக்கொள்ளும் முறை வந்துவிடும். நான் சார் என்றேன்.

"சாரா? இந்தக் கட்டடத்துல யாருமா சாரு?" என்று திரும்பிப் பார்த்தார். பிறகு அவருக்கே விஷயம் புரிந்தது. "செரி, சாருன்னே இருக்கட்டும். நீ பாவான்னு கூப்ட்டா எம் பொண்டாட்டி வெளக்கமாத்த எடுத்துகினு வந்துடுவா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஜெனரேட்டரம்மா என்று பேர் வைத்துவிட்டார்.

நான் எலெக்ட்ரிகலில் டிப்ளமா முடித்தவள். வரவேற்பு மேசையில் உட்காரவும், கட்டடத்தின் மின்சாரத்தைப் பார்த்துக்கொள்ளவும் ஒரே ஆள் போதும் என்று முதலாளி என்னை எடுத்தார். எதையும் நேரத்தோடு குறித்து வைப்பது படிக்கும்போதே எனக்கு வந்த பழக்கம். எந்த ஃபேஸில் எவ்வளவு லோடு, எந்த அறையில் எந்த ஏ.சி. பழுது, மின்சாரம் எப்போது போயிற்று, எப்போது வந்தது என்று என் நோட்டில் எல்லாம் இருக்கும். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் இல்லை. போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது.

அதை ஓட்டல் என்பது பெயருக்குத்தான். முதலாளியின் பாட்டனார் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட ஆரம்பித்த இடம். பக்கத்துக் காலி மனையில் பந்தல் போட்டு நடந்த ஒரு கல்யாணம் மழையில் நனைந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பாட்டுக் கூடத்துக்குள் ஓடி வந்து, அங்கேயே தாலி கட்டினார்களாம். அதிலிருந்து விசேஷம் என்றால் அந்தக் கட்டடம்தான் என்று ஆயிற்று. நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக் குடும்பங்கள், திருவாலங்காட்டுக் கரும்புக்காரர்கள், அரக்கோணம் ரயில்வேக்காரர்கள் எல்லோரும் நிச்சயம், கல்யாணம், வளைகாப்பு, மொட்டை, காதுகுத்து என்று வருவார்கள். மலையில் தாலி கட்டிக்கொண்டு இங்கே வந்து சாப்பிடுகிறவர்களும் உண்டு. மாடிப்படிச் சுவரில் வரிசையாகப் புகைப்படங்கள். ஒரே குடும்பத்தில் பாட்டி, அம்மா, பெண் மூவரும் ஒரே மர மேடையில் மாலையோடு நிற்கும் மூன்று படங்கள் அடுத்தடுத்து மாட்டியிருக்கும்.

"இந்தக் கூரைக்குக் கீழ ஆரம்பிச்ச விசேஷம் எதுவும் பாதியில நின்னதில்ல" என்று முதலாளி, மண்டபம் கேட்டு வருகிறவர்களிடம் சொல்வார். பாவா அதைச் சொல்லமாட்டார். அதை நடத்திக் காட்டுவதுதான் அவர் வேலை.

முகூர்த்த நாள் காலை ஐந்து மணிக்குச் சமையல்கட்டுப் பின்வாசலில் நிற்பார். வேலைக்கு வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தவள், கடன்காரனிடம் திட்டு வாங்கி வந்தவன் எல்லோரும் அவருக்குத் தெரிந்துவிடும். அவர்களை மண்டபத்துப் பக்கம் விடமாட்டார். வெங்காயம் உரிக்கிற அறைக்கு அனுப்பிவிடுவார். "அங்க அழுதா யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க" என்பார். ஒருநாள் நானும் வீங்கிய கண்ணோடு போனேன். "இன்னா ஜெனரேட்டரம்மா, மூஞ்சி ஃப்யூஸ் போயிருக்குது? இன்னிக்கு மேசை வேணாம். மோட்டார் ரூமுல இரு" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. பதினோரு மணிக்கு மோட்டார் அறைக்கே ஓர் இலையில் சாப்பாடு வந்தது. அதில் இரண்டு ஜாங்கிரி.

ஒரு காதுகுத்தில் யார் மடியில் குழந்தையை உட்கார வைப்பது என்று தாய்மாமன்கள் இருவருக்குள் சண்டை. பெரியவன் சட்டையைச் சின்னவன் பிடித்துவிட்டான். பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். பாவா மேளக்காரரிடம் கண்ணைக் காட்டினார். மேளம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்தில் இருவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு, "இன்னாத்துக்குபா அடிச்சிக்கிறீங்கோ? கொழந்தைக்கு காது ரெண்டு இருக்குது இல்ல? எடது காது அவன் மடியில, வலது காது இவன் மடியில" என்றார். அப்படியே நடந்தது. குழந்தை இரண்டு மடியிலும் சமமாக அழுதது.

எதற்கும் அவர் சொல்வது ஒரே சொல், ஆவட்டும். அதில்தான் புதிதாக வந்தவர்கள் எல்லோரும் தடுமாறுவார்கள். "பாவா, பந்தி போட்டுடலாமா?" என்று கேட்டால், ஆவட்டும் என்பார். அப்படியென்றால் சரி, செய் என்று பொருள். "பாவா, சாம்பார் அடி பிடிச்சிட்டுது" என்றாலும் ஆவட்டும் என்பார். அப்படியென்றால் தாலி கட்டி ஆகட்டும், அதுவரை வாயைத் திறக்காதே என்று பொருள். முதல் மாதம் நான் இரண்டு தடவை மாற்றிப் புரிந்துகொண்டு திட்டு வாங்கினேன். பிறகு கவனித்து நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன்: தலை ஆடினால் சரி, கை உயர்ந்தால் பொறு. அதன்பின் நான் தவறு செய்ததில்லை. அந்த ஒரு நாள் வரைக்கும் என்று சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் நம்பர் அறையில் நடந்ததைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது.

ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் பெரியப்பா முதல்நாளே வந்து அந்த அறையில் தங்கியிருந்தார். மாப்பிள்ளைக்கு அப்பா கிடையாது. பெரியப்பாதான் எடுத்துக் கட்டிச் செய்தவர். காலை ஆறேகாலுக்குப் பாவா என்னை மாடிக்குக் கூப்பிட்டார். ஏ.சி. குளிரவில்லை, பார் என்றார். கட்டிலில் அந்தப் பெரியவர் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். நான் நாற்காலி மேல் ஏறி ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் போட்டேன். "எத்தினில வைக்கணும் சார்?" என்று கேட்டேன்.

"எவ்ளோ கொறைக்க முடியுமோ."

"பதினாறு. அவருக்குக் குளிராதா?"

அப்போதுதான் நான் அந்தப் பெரியவரின் வாயைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து இறங்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்த டாக்டர் ஒருவர் பின்படி வழியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். தூக்கத்திலேயே போய்விட்டது என்று சொன்னாராம்.

"முகூர்த்தம் ஏழரைலருந்து ஒம்போது" என்றார் பாவா. "பங்காளி சாவு. இப்ப சொன்னா கல்யாணம் நின்னு பூடும். தகப்பன் இல்லாத புள்ள. இந்த மனுசன் ரெண்டு வருசமா அலைஞ்சு பண்ண சம்மந்தம்."

"தீட்டு இல்லையா சார்?"

"காதுல விழுந்தாத்தான் தீட்டு. விழாத வரைக்கும் ஒண்ணும் இல்ல."

அறையைப் பூட்டிச் சாவியை மடியில் கட்டிக்கொண்டார். அந்தப் பெரியவரின் மனைவி கீழே அரக்குப் பட்டில், தலை நிறையப் பூவோடு நின்றிருந்தார். "அவரு எழுந்தாரா?" என்று பாவாவிடம் கேட்டார். "ராத்திரி தூக்கமில்லன்னு மாத்திரை போட்டுகினாரும்மா. முகூர்த்த நேரத்துக்கு நானே எழுப்பி இட்டுகினு வரேன்" என்றார். அந்த அம்மா சந்தேகப்படக்கூடாது என்று ஒரு தட்டில் இட்லியும் காப்பியும் வைத்து, அவர் கண்ணெதிரே தானே மாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருந்தது. அதை என்ன செய்தார் என்று நான் கேட்கவில்லை.

முகூர்த்த நேரத்தில் பெரியவர் எங்கே என்று கேட்டவர்களிடம், குளித்துக்கொண்டிருக்கிறார் என்று சமாளித்தார். எட்டு ஐந்துக்குத் தாலி கட்டினார்கள். எட்டே முக்காலுக்கு மாப்பிள்ளையின் அம்மாவை மட்டும் தனியாக அழைத்துச் சொன்னார். அந்த அம்மா கதறப்போன வாயைத் தன் முந்தானையாலேயே அடைத்துக்கொண்டு, அவர் காலில் விழுந்தார். கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுத்தீர்கள் என்று அந்தக் குடும்பம் இன்றைக்கும் சொல்லும்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெரியவரின் மனைவி மட்டும் தனியாக ஓட்டலுக்கு வந்தார். ஒன்பதாம் நம்பரில் தன் கணவருடைய கண்ணாடிக் கூடு விட்டுப்போயிற்று, இருக்கிறதா என்று கேட்டார். தேடி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"கல்யாண ஆல்பம் வந்துச்சும்மா. அதுல நான் அட்சதை போட்டுகினே சிரிக்கிறேன். நல்லா வாயத் தொறந்து சிரிக்கிறேன். நீ படிச்ச பொண்ணு. அந்த போட்டோ எத்தினி மணிக்கு எடுத்ததுன்னு சொல்ல முடியுமா?"

சொல்ல முடியும். கேமராக்காரரிடம் ஃபைலை வாங்கினால் நொடிவரை தெரியும். "தெரியாதும்மா" என்றேன். பாவா மண்டப வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அந்த அம்மா போன பிறகு என் மேசையருகே வந்தார். கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"அந்தம்மா சொன்னது கேட்டுச்சா சார்?"

"கேட்டுச்சு. அதுக்கு இன்னா பண்றது? கல்யாணம் ஆயிடுச்சு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று முழுவதும் வெங்காய அறையில்தான் இருந்தார் என்று சமையல்காரர் சொன்னார்.

அவருக்கு ஒரே பெண். சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலில் வந்து இறங்கினால், வீட்டுக்குப் போகும் வழியில் ஓட்டலுக்கு வந்து அப்பாவை எட்டிப் பார்ப்பாள். என்னைவிட நான்கு வயது பெரியவள். அவர் மண்டபத்திலிருந்து வரும்வரை என் மேசையில் சாய்ந்துகொண்டு பேசிக்கொண்டிருப்பாள்.

"என் மஞ்சத் தண்ணிக்கு இவரு எப்ப வந்தாரு தெரியுமா? எல்லாரும் சாப்ட்டு எலை எடுத்தப்பறம். மொய் எழுதுற ஆளு எங்க நைனாவப் பாத்து, பேரு இன்னாங்கன்னு கேட்டுட்டான்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அதே கதையை மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

"நம்ம வூட்டு விசேஷத்துக்கு நான் எங்க ஓடிப் போவப்போறேன்?" என்று பாவா பின்னால் வந்து நிற்பார்.

"ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் நீ பாவா. எனக்கு நைனாவா எப்ப நைனா இருப்ப?"

"ஆவட்டும், ஆவட்டும்" என்று தலையாட்டுவார். அவள் அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பிடுங்கி மேசையில் வைத்துவிட்டு, அவரை இழுத்துக்கொண்டு போவாள். அந்தப் பெண் அவர் சாகும்வரை அவரோடு பேசவில்லை. அதில் என் பங்கு உண்டு.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம் தை மாதத்தில் அவர் மனைவிக்கு மூச்சுத் திணறல் வந்தது. இருதயத்தில் பலவீனம் என்று ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓட்டலிலிருந்து வண்டியில் பத்து நிமிடம். ராத்திரி இவர் கூட இருப்பார், பகலில் மனைவியின் தங்கை இருப்பாள். நான்காம் நாள் பெரிய முகூர்த்தம். கீழ் மண்டபத்தில் கல்யாணம், மாடியில் நிச்சயம், முற்றத்தில் ஒரு வளைகாப்பு. முதலாளியே, "நீ வராத, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தார். "டாக்டரு பரவால்லன்ட்டாரு. ராவு இட்லி துன்னா" என்று இவர் காலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் பின்வாசலில் நின்றுவிட்டார். மகள் மறுநாள் வருவதாக இருந்தவள், அன்றே காலை ரயிலில் கிளம்பிவிட்டாள்.

முகூர்த்தம் தொடங்கிவிட்டால் அவர் கைபேசியை வைத்துக்கொள்ளமாட்டார். என் மேசையில் வைத்துவிடுவார். வந்தால் எடுத்து யார் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அன்று காலை எட்டு இருபதிலிருந்து மின்சாரம் இல்லை. மூன்று விசேஷமும் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பது பத்துக்கு நான் அவரிடம் போய், டீசல் ஒரு மணி நேரத்துக்குத்தான் வரும், ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். ஆவட்டும் என்று தலையாட்டினார். ஆள் அனுப்பினேன்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு அவர் கைபேசி அடித்தது. எடுத்தேன்.

"பாவா இல்லியாம்மா?" என்றாள் மனைவியின் தங்கை. ஊரில் அவரை முறைப்படி அப்படிக் கூப்பிட உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான். "அக்காவுக்கு மூச்சு இஸ்துகினு இருக்குது. கண்ணு மட்டும் வாசலையே பாக்குது. பாவாவ ஒடனே வரச் சொல்லும்மா."

"லைன்லயே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை மேசையில் வைத்துவிட்டு மண்டபத்துக்கு ஓடினேன். பக்கவாசலில் நின்றேன். அவர் மேடைமேல் மணவறைக்குப் பின்னால் நின்றிருந்தார். மாப்பிள்ளைக்குப் பூணூல் முடிந்து, பெண்ணை அழைத்து வந்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரிடம் போக வேண்டுமென்றால் அத்தனை பேருக்கும் நடுவில், அந்த முகத்தோடு நான் நடந்து போக வேண்டும். கெட்ட செய்தியோடு ஒருத்தரும் மேடைக்குப் போகும் கம்பளத்தில் கால் வைக்கக்கூடாது என்பது அவர் போட்ட விதி. வாசலிலேயே நின்று கையை ஆட்டினேன். என்னைப் பார்த்தார். வலது கையை உயர்த்தினார். மேளச் சத்தத்தில் குரல் கேட்கவில்லை. உதடு மட்டும் தெரிந்தது. ஆவட்டும்.

கை உயர்ந்தால் பொறு என்று பொருள். தாலி கட்ட இன்னும் பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். மணப்பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் அறையும் என் நினைவில் இருந்தது. எதை எப்போது சொல்ல வேண்டும் என்று இவருக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் எதைச் சொல்ல வந்தேன் என்பது அவருக்குத் தெரியுமா என்று நினைத்துப் பார்க்கவில்லை.

மேசைக்குத் திரும்பிக் கைபேசியை எடுத்தேன். "ஆவட்டும்னாருங்க" என்றேன்.

"ஆங், செரி, செரி" என்று அவள் வைத்துவிட்டாள்.

கையை உயர்த்தியது கைபேசியில் போகாது. அவளுக்குச் சொல் மட்டும்தான் போயிற்று. அவள் அக்காவின் காதருகே குனிந்து, பாவா வந்துகினே இருக்காரு என்று சொல்லியிருக்கிறாள். வருகிறவரை மறுபடி எதற்குக் கூப்பிடுவது என்று கூப்பிடவில்லை. வேறு யாரையும் அனுப்பவும் இல்லை. அந்த அம்மாள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பத்து மூன்றுக்குத் தாலி கட்டினார்கள். அட்சதை விழுந்து முடிந்ததும் அவர் பக்கவாசலுக்கு வந்தார். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"இன்னாமா, டீசல் வந்துட்டுதா?"

அந்தக் கேள்வியை நான் என் நோட்டில் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. அதைக் கீழே போடவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம் கொடுத்து, "சம்மந்தியம்மாவாண்ட குடுத்துடு" என்று சொல்லிவிட்டு, செருப்பில்லாமல் வெளியே போனார். ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது பத்து இருபத்தைந்து. பத்து பதினைந்துக்கு உயிர் போயிருந்தது. மகள் வந்து சேர்ந்தபோது பதினொன்றரை.

மண்டபத்தில் பந்தி நடந்தது. மாடியில் நிச்சயத் தட்டு மாற்றினார்கள். முற்றத்தில் வளையல் அடுக்கினார்கள். எதுவும் நிற்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அவர் ஓட்டலுக்கு வந்தார். தாடியோடு, சட்டை பட்டனை மாற்றிப் போட்டுக்கொண்டு, என் மேசைக்கு எதிரில் நின்று விசேஷங்களின் தேதிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் மகள் வந்தாள். கையில் அவருடைய கைபேசி. அன்றே நான் அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பியிருந்தேன்; அதுவரை அது அவளிடம்தான் இருந்திருக்கிறது.

அவரை அவள் பார்க்கவில்லை. என்னிடம் வந்தாள். கைபேசியைத் திறந்து, வந்த அழைப்புகளைக் காட்டினாள்.

"ஒம்போது நாப்பத்திரெண்டு. ரெண்டு நிமிசம் இருவது செகண்டு. எடுத்தது நீதான?"

"ஆமாங்க்கா."

"சித்தி சொல்றா, நீ போயி கேட்டுகினு வந்து, ஆவட்டும்னாருன்னு சொன்னியாம். நீ இன்னா சொன்ன அவராண்ட? அம்மான்னு சொன்னியா?"

நான் வாயைத் திறந்தேன். வாசலில் நின்று கையை ஆட்டினேன், ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவர் டீசல் என்று நினைத்துக்கொண்டார் என்று சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. அவர் முந்திக்கொண்டார்.

"சொல்லுச்சு" என்றார். "மேடைகிட்ட வந்து, என் காதுலயே சொல்லுச்சு. நாந்தான் ஆவட்டும்னேன்."

அவள் அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினாள்.

"அம்மான்னு தெரிஞ்சுமா நைனா?"

"ஆங்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். கைபேசியை மேசையில், அவருக்கு முன்னால் வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டவில்லை. மறுக்கவும் இல்லை. மேசைமேல் என் நோட்டு மூடியிருந்தது.

"செரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

அவர் கைபேசியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார், காலை ஐந்து மணிக்குப் பின்வாசலில் எல்லோரையும் பார்க்கிற மாதிரி.

"மாடி ஹால்ல ரெண்டாவது ஃபேன் சத்தம் போடுது. போயி பாரு" என்றார்.

நான் டெஸ்டரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஸ்விட்சைப் போட்டேன். இரண்டாவது ஃபேன் சத்தம் போடவில்லை. ஒவ்வொன்றாக எல்லா ஃபேனையும் போட்டுப் பார்த்தேன். எதுவும் சத்தம் போடவில்லை. ஜன்னல் வழியாகக் கீழே சாலை தெரிந்தது. அவள் ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோவுக்காக எதிர்ப்பக்கம், வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். மாடிப்படி இருபத்தாறு. கீழே இறங்கிச் சாலையைக் கடக்க ஒரு நிமிடம் போதும். அவள் அங்கே ஏழு நிமிடம் நின்றாள். ஆட்டோ வந்தது, ஏறினாள். நான் ஃபேன்களை ஒவ்வொன்றாக நிறுத்தினேன்.